லெ மான் 24 மணி நேரப் பந்தயம்: பிரேக் வேலை செய்பவனின் பதில்

கேள்வி: "லெ மான் 24 மணி நேர கார் பந்தயத்தின் வரலாறு என்ன? ஒரு பகலும் ஓர் இரவும் ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடுவதில் பார்க்க என்ன இருக்கிறது?"

வேலூரில் இருபத்தைந்து ஆண்டுகளாக கார், வேன் பிரேக் வேலை செய்கிறேன். அதனால் இந்தப் பந்தயத்தின் கதையை பிரேக்கிலிருந்துதான் சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் அது சரியாகப் புரியும் என்றும் நம்புகிறேன்.

1923 மே மாதம், பிரான்ஸில் லெ மான் நகரை ஒட்டிய பொதுச் சாலைகளில் முதல் பந்தயம் நடந்தது. மக்கள் வாங்கி ஓட்டுகிற கார் இரவிலும் மழையிலும் பழுதாகாமல் ஓடுகிறதா, விளக்கு விடியும்வரை எரிகிறதா என்று சோதிப்பதே நோக்கம். ஒரு காரை இரண்டு ஓட்டுநர்கள் முறை மாற்றி ஓட்டினார்கள். ஷெனார் வால்கர் என்ற பிரெஞ்சு காரில் லகாஷ், லெயோனார் இருவரும் 24 மணி நேரத்தில் 2,209 கி.மீ. ஓடி முதலில் வந்தார்கள்.

ஆனால் அந்த ஆண்டில் என் மனம் நிற்பது, இங்கிலாந்திலிருந்து வந்த ஒற்றை பென்ட்லி காரிடம்தான். அதற்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக். தார் போடாத சாலை. முன்னால் போகும் கார்கள் வாரியிறைத்த கற்களில் ஒரு விளக்கு உடைந்தது. இன்னொரு கல் பெட்ரோல் டேங்கை ஓட்டையாக்கியது. பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்ற காரை விட்டுவிட்டு, ஓட்டுநர் டஃப் கால்நடையாகவே பிட்டுக்கு, அதாவது பாதையோரம் பெட்ரோல் போட்டுப் பழுது பார்க்கும் இடத்துக்கு, ஓடிவந்தார். அவருடைய கூட்டாளி கிளமென்ட் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு, பெட்ரோல் கேன்களோடு எதிரே பாய்ந்து வரும் கார்களுக்கு ஓரமாக மிதித்துப் போனார். ஓட்டையை அடைத்து, காரை ஓட்டிவந்து பந்தயத்தை முடித்தும் காட்டினார். மறு ஆண்டு அதே இருவரும் நான்கு சக்கரத்திலும் பிரேக் வைத்து, கல் படாமல் மறைப்புக் கட்டி வந்தார்கள், வென்றார்கள். பட்டறையில் ஒவ்வொரு நாளும் நடப்பது இதுதானே? எங்கே உடைந்ததோ அங்கே பலப்படுத்துகிறோம்.

அடுத்த பெரிய திருப்பம் 1953. அது ஏன் பெரியது என்று சொல்ல ஏலகிரிக்குப் போக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினேன். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குவதற்குள் பிரேக் லைனிங், அதாவது உராய்ந்து வண்டியை நிறுத்தும் பட்டை, தீயும் வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் தரைவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. முதல் கியருக்கு மாற்றி, மலைப் பக்கம் ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். பின்னால் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்; அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் ஆறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். அன்று என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

டிரம் பிரேக்கின் குறை இதுதான். சூடு உள்ளேயே அடைபடுகிறது, டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவிலிருந்து விலகுகிறது, லைனிங்கின் பிடிப்பும் போய்விடுகிறது. லெ மானில் ஏறத்தாழ ஆறு கி.மீ. நீளமான ஒரு நேர்ச்சாலை உண்டு. மற்ற நாட்களில் லாரிகளும் பஸ்களும் போகிற சாதாரணச் சாலை அது. அதன் கோடியில் கூர்மையான திருப்பம். உச்ச வேகத்தில் வந்து ஒவ்வொரு சுற்றிலும் அங்கே பிரேக் பிடித்தாக வேண்டும், ஒரு நாள் முழுக்க. 1953இல் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு வந்தன. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டு; அது காற்றில் திறந்திருப்பதால் சூடு உடனே வெளியேறுகிறது. மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடித்தும் ஜாகுவார் ஓட்டுநர்களால் திரும்ப முடிந்தது. ராப்பகல் முழுக்க ஓடிய சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அந்த ஆண்டுதான். இன்று உங்கள் காரின் முன் சக்கரத்தில் இருப்பது அதே வழியில் வந்த பொருள்.

இரண்டே ஆண்டில், 1955 ஜூன் 11 அன்று, அந்தப் பேரழிவு. பிட்டில் நிற்பதற்காக ஓட்டுநர் ஹாதார்ன் தன் ஜாகுவாரின் வேகத்தைச் சட்டென்று குறைத்தார். பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி மோதாமல் தப்ப இடப்பக்கம் ஒதுங்கியது. அதற்கும் பின்னால் பாய்ந்து வந்த லெவேயின் மெர்சிடிஸ் அதன்மேல் ஏறிப் பறந்து, சிதறி, கூட்டத்துக்குள் விழுந்தது. 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முன்னால் போகிற காரின் பிரேக் நன்றாக இருப்பது பின்னால் வருபவருக்கும் எமனாகலாம் என்று எனக்குக் காட்டிய நிகழ்ச்சி அது. ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் பாதையுடையது. ஓடும் பாதைக்கும் பிட்டுக்கும் நடுவே தடுப்பே இல்லை. மக்கள் நின்ற இடத்துக்கும் தக்க காவல் இல்லை. மெர்சிடிஸ் அன்றிரவே மீதிக் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிறகு பிட் பகுதியை இடித்துக் கட்டினார்கள்.

அப்போதெல்லாம் பந்தயம் தொடங்கும்போது ஓட்டுநர்கள் சாலையின் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்து, காரில் குதித்துக் கிளம்புவார்கள். முந்தும் அவசரத்தில் பெல்ட் போடாமலே போவார்கள். 1969இல் ஜாக்கி இக்ஸ் அதை எதிர்த்து மெதுவாக நடந்து வந்து, பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் உல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்தார். மறுநாள் முதலில் வந்தவர் இக்ஸ், வெறும் 120 மீட்டர் வித்தியாசத்தில். அடுத்த ஆண்டிலிருந்து அப்படி ஓடிவந்து கிளம்பும் முறை இல்லை. பெல்ட் போடச் சொன்னால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்ச்சாலையில் 1988இல் ஒரு கார் மணிக்கு 400 கி.மீ.க்கு மேல் போனதால், 1990இல் நடுவே இரண்டு வளைவுகளைச் சேர்த்தார்கள். 1991இல் மஸ்டா வென்றது, ஜப்பானுக்கு அதுவே முதல் வெற்றி. 2006இல் டீசல் காரும், 2012இல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரும் முதன்முறையாக வென்றன. 2010இல் வென்ற ஆடி (Audi) நிறுவனக் கார் ஓடியது 5,410 கி.மீ. வேலூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 19 முறை போய்த் திரும்புகிற தூரம் அது. நம் பக்கத்திலிருந்து, கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009இல் தகுதிச் சுற்றுவரை வந்து, தோள்பட்டை விலகியதால் பந்தயத்தில் ஓட முடியாமல் போனது. 2012இல் சென்னையின் கருண் சந்தோக் ஓடினார்; அவர் இருந்த அணி ஆறாவது இடம் பிடித்தது.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த மேஸ்திரி, சென்னைப் பக்கம் சோழவரத்தில் நடந்த கார் பந்தயங்களை நேரில் பார்த்தவர். "எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று பார்க்காதே தம்பி, எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறான் என்று பார்" என்பார். என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு என் பதிலும் அதுதான். ஜூன் மாதம், சனிக்கிழமை, நம் நேரப்படி பொதுவாக மாலை ஏழரைக்குப் பந்தயம் தொடங்கும். அப்போதே பார்க்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து பாருங்கள். இங்கே பால்காரர் வந்துபோகும் நேரத்தில் அங்கே இரவு இரண்டரை மணி. அந்த நேர்ச்சாலையின் கோடியில், கார் உருவமே தெரியாத இருட்டில், நான்கு சக்கரங்களுக்குள்ளும் டிஸ்க் செக்கச்செவேலென்று பழுத்து மின்னும்.