பதில்: பையனுக்கு பேஸ்பால் டிராஃப்ட்ல கடைசிக்கு கிட்ட ரவுண்டு, காலேஜா காண்ட்ராக்டா?

வணக்கம் அண்ணா, பையன் ஹைஸ்கூல் முடிச்சதும் அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட்ல (டீம்கள் ரவுண்டு ரவுண்டா இளம் ஆட்டக்காரங்கள எடுக்கறது) 19வது ரவுண்டுல பேரு வந்துருக்கு, உடனே டீமோட சைன் பண்ணிடலாமா இல்ல காலேஜுக்கு அனுப்பலாமான்னு தூக்கம் வராம கேட்டிருந்தீங்க. எனக்கு உடனே யாங்கீஸ் டீமோட பெரிய ஹிட்டர் ஆரோன் ஜட்ஜ்தான் ஞாபகம் வந்தாரு. அவரும் அவுட்ஃபீல்டர்தான் (மைதானத்தோட வெளிப்பக்கம் நின்னு ஃபீல்டிங் பண்றவர்), 2010ல ஓக்லண்ட் டீம் அவர 31வது ரவுண்டுல எடுத்துச்சு, வேணாம்னுட்டு ஃப்ரெஸ்னோ ஸ்டேட் காலேஜுக்குப் போயிட்டாரு, மூணு வருசம் ஆடி 2013ல யாங்கீஸ் முதல் ரவுண்டுல 32வது ஆளா எடுத்து 18 லட்சம் டாலர் குடுத்தாங்க. கையெழுத்து போட்ட கையோட கால் தசை கிழிஞ்சு அந்த வருசம் ஒரு மேட்ச் கூட ஆடல, அப்புறம் ரெண்டரை வருசம் மைனர் லீக், அதாவது கீழ்மட்ட டீம்கள்.

2016 ஆகஸ்ட்ல மேல மேஜர் லீக்குக்கு வந்து முதல் பேட்டிங்லயே ஹோம் ரன், ஆனா அந்த சீசன் முடியும்போது 84 அட்-பேட்ல (பேட்டிங் வாய்ப்பு) 42 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட்), ஆவரேஜ் .179, ரொம்பக் கம்மி. அந்த நம்பர ஃபோன்ல எழுதி வச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. அடுத்த வருசமே 52 ஹோம் ரன்!

அதனால என் மனசுல பட்டது காலேஜ்தான். நாலு வருச காலேஜ்ல சேந்தா மூணாவது வருசம் முடிஞ்சோ 21 வயசு ஆனாலோதான் மறுபடி எடுப்பாங்க, ஜூனியர் காலேஜ்னா அந்தக் கட்டுப்பாடு இல்ல. டீம் ரொம்பப் பெரிய தொகை சொன்னா மட்டும் யோசிங்க. ஸ்காலர்ஷிப் எவ்வளவு குடுக்கறாங்க?