14 பேருக்கு ஒரு மலசலகூடம் போதுமா?

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: போடிங்கில் 14 பேர், மலசலகூடம் ஒன்று, குளியலறை ஒன்று, கிணறு பின்வளவில். வீட்டுக்கார அம்மா "இது தாராளம்" என்கிறாராம்.

தாராளம் இல்லை, தங்கச்சி. 20 பேருக்கு ஒன்று என்றொரு கணக்கு இருக்கிறது, ஆனால் அது ஸ்பியர் என்ற, அனர்த்த முகாம்களுக்கான சர்வதேச நியமம், மாதாமாதம் வாடகை கட்டி வருஷக்கணக்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதைக் காட்டக் கூடாது. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றாலே 14 பேருக்கு 2 மணித்தியாலம் 20 நிமிஷம். காலையில் இந்த வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரை அடக்கி, கடைசியில் சிறுநீர்த் தொற்றோடு மருந்தெடுக்கப் போக வேண்டி வரும். என்னைக் கேட்டால் ஏழு பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை அந்தக் கிணறுதான். நம்முடைய பக்கம் மணல் தரை, மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும், மலசலகூடக் குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக நாளெடுக்காது. குழி கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளி, அதன் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்கிறது அதே ஸ்பியர். பத்துப் பேர்ச்சஸ் வளவில் 30 மீற்றருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பாருங்கள், வேலி அதைத் தடுக்காது.

மார்கழியில் மலசலகூடத்தில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா என்று முன்பு இருந்த அக்காமாரிடம் கேளுங்கள். நின்றால் பவுசர் பிடித்துக் குழியை இறைப்பார்கள், ஆனால் நீர்மட்டம் மேலே இருக்கும்வரை நிலத்துத் தண்ணீரே குழியைத் திரும்ப நிரப்பிவிடும். மலசலகூடத்தின் தரையை உயர்த்திக் கட்டினால்தான் சரி வரும்.

கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் நம்ப வேண்டாம், குடிக்கவும் பல் துலக்கவும் கொதித்தாறிய நீர்தான். குளோரின் போடலாம், குழி கசிந்துகொண்டே இருந்தால் அது நிலைக்காது.

வீட்டுக்கார அம்மாவிடம் தனியாகப் போகாமல் 14 பேரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். இன்னொரு மலசலகூடம், உள்ளே கொளுக்கி, லைட், பேட் போட மூடியுள்ள வாளி, இவ்வளவும் கேளுங்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. மறுத்தால் உங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியைப் பல்கலைக்கழக மாணவர் நலன்புரிப் பக்கமும் கொடுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி என்று நாடா பிடித்து அளந்து அதில் எழுதுங்கள், தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லியும் கேளுங்கள்.