பழைய மில்லைப் பிரிக்கும் முன்: கேஸ் கட்டிங் ஆட்களுக்கு என்ன கற்றுத்தர வேண்டும்?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் நூற்பாலையின் ஷெட்டுகளைப் பிரித்தெடுக்கும் ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். கேஸ் கட்டிங் செய்ய ஆறு பேர் இருக்கிறார்கள். நாலு பேர் பல வருடமாகக் கட்டர் பிடிப்பவர்கள். மற்ற இருவரும் பீகாரிலிருந்து வந்தவர்கள், தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். யாரிடமும் சான்றிதழ் இல்லை. "பயிற்சி கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டுங்கள்" என்கிறது மில் நிர்வாகம். வேலை தொடங்க ஒரு வாரம்தான் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ஒரு வாரம் போதும், அதை மில்லுக்குள்ளேயே நடத்தினால். உங்கள் ஆட்களுக்கு இரும்பை வெட்டத் தெரியும். அதை மறுபடி சொல்லித்தர வேண்டாம். கேஸ் கட்டிங்கில் பெரிய தீயும் வெடிப்பும் வருவது பெரும்பாலும் பற்றவைக்கும் முன் சுற்றிலும் பார்க்காததால், அல்லது அணைத்த கையோடு இடத்தை விட்டுப் போய்விட்டதால். பயிற்சி நேரத்தில் முக்கால் பங்கை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் தகடு மேசைமேல் கிடக்கும். அது என்ன இரும்பு, எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். பிரிக்கும் இடத்தில் இரும்பு எதையாவது தாங்கிக்கொண்டிருக்கும், எதையாவது உள்ளே வைத்திருக்கும், அல்லது அதற்குப் பின்னால் எதாவது ஒளிந்திருக்கும். அதனால் முதல் நாள் காலையில் டார்ச்சை, அதாவது வெட்டும் சுடர்க் கருவியை, வெளியிலேயே எடுக்காதீர்கள். ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு ஷெட் முழுக்க நடங்கள். ஒவ்வொரு தூணிலும் குழாயிலும் நின்று நாலே நாலு கேள்வி: உள்ளே என்ன? பின்னால் என்ன? கீழே என்ன? வெட்டினால் எது, எந்தப் பக்கம் விழும்? ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பீகார்காரர்கள் இந்தியிலேயே சொல்லட்டும். மொழிபெயர்க்க இரு மொழியும் தெரிந்த ஒருவரை நாள்கூலி கொடுத்தாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் வராத இடத்தில் அன்று கட்டிங் கிடையாது.

நூற்பாலை என்றதும் எனக்கு முதலில் வரும் பயம் பஞ்சு. மில் மூடி எத்தனை வருடம் ஆனாலும் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸின் மேல்பக்கம், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமின் குழாய்கள், காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டின் தரையடிச் சுரங்கம், கேபிள் போகும் பள்ளம் எல்லாவற்றிலும் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். பஞ்சு குப்பென்று எரிந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். இறுகிக் கிடக்கும் பஞ்சு புகைகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனலும். காற்றுப் பட்டதும் எழும். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய கிடங்கில், மாலை 5 மணிக்கு வேலை முடிந்து ஆட்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நிறுத்தியிருந்த பையன் 5.40-க்கு வந்து, "அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கண்ணா, சுடுது" என்றான். திறந்தால் உள்ளே பஞ்சு சிவந்திருந்தது. கட்டிங் நடந்ததோ 20 அடி தள்ளி. அன்று அவனும் மற்றவர்களோடு கைகழுவப் போயிருந்தால் அந்தக் கிடங்கு மிஞ்சியிருக்காது.

ஆகவே வெட்டும் இடத்தைச் சுற்றி 35 அடிக்கு, அதாவது சுமார் 11 மீட்டருக்கு, எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது. எடுக்க முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடுங்கள். உயரத்தில் வெட்டினால் பொறி இன்னும் தள்ளிப் போகும், வட்டத்தைப் பெரிதாக்குங்கள். தரையில் இருக்கும் ஓட்டை, சுவர் விரிசல், குழாய் வாய் இவற்றை அடைப்பதை ஆட்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டூசெல்டார்ஃப் விமான நிலையத்தில், மேலே இருந்த சாலையின் விரிவு இடைவெளியில் வெல்டிங் நடந்தது. உருகிய உலோகம் அந்த இடைவெளி வழியாக இறங்கி, கீழ்த்தளக் கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரின் காப்புப் பலகையைப் பற்றவைத்தது. 17 பேர் இறந்தார்கள். மேலே வெல்டிங் செய்தவர்களின் கண்ணுக்குக் கீழே இருந்தது தெரியவில்லை. இந்தச் சம்பவத்தை உங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டு, கேபிள் பள்ளத்தின் மூடியைத் திறந்து காட்டுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது தீக்காவல். இதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும். அவர் ஹெல்ப்பர் வேலை பார்க்கக்கூடாது, ஹோஸ் இழுக்கக்கூடாது, டீ வாங்கப் போகக்கூடாது. கையில் தீயணைப்பானும் பக்கத்தில் தண்ணீர் ஹோஸும் இருக்க வேண்டும். கீழ்த்தளமோ சுவரின் மறுபக்கமோ இருந்தால் அங்கே இன்னொருவர். கட்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த விதி முன்பெல்லாம் கட்டிங் முடிந்து அரை மணி நேரம் காவல் நிற்கச் சொன்னது. பிறகு அதை 1 மணியாக உயர்த்திவிட்டார்கள். பஞ்சு இருக்கும் இடத்தில் அந்த 1 மணியோடும் நான் நிறுத்தமாட்டேன். மாலை 3 மணிக்கே டார்ச்சை அணைத்துவிட்டு, மீதி நேரத்தில் வெட்டிய இரும்பை அடுக்கவும் ஏற்றவும் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை, இரவு வாட்ச்மேன் ஒருமுறை, குழாயையும் சுவரையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

'உள்ளே என்ன' என்ற கேள்விக்கு ஜெனரேட்டரின் டீசல் டேங்க்கும் பழைய எண்ணெய் டிரம்களும்தான் உதாரணம். "காலி டேங்க்தானே" என்ற பேச்சு இந்தத் தொழிலில் பல உயிரை வாங்கியிருக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் டீசல் படலம் கட்டர் சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து வெடிக்கும். 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானி கப்பல் உடைக்கும் தளத்தில், எண்ணெய் மிச்சம் இருந்த டேங்கர் கப்பல் வெடித்து 26 பேராவது இறந்தார்கள். உங்கள் மில்லில் இருப்பது சின்ன டேங்க்காக இருக்கலாம். அதன் முன்னால் மண்டியிட்டு வெட்டுகிறவருக்கு அதுவே போதும். டேங்க், டிரம், மூடிய குழாய் எதுவானாலும் திறந்து, கழுவி, கேஸ் டிடெக்டரில் அளந்து பார்த்து, அது தெரிந்தவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் தீ. மூக்கால் மோந்து பார்ப்பது சோதனை ஆகாது. முழுசாகவே கழற்றி எடுக்க முடிந்தால் வெட்டவே வேண்டாம்.

இப்போது கருவிக்கு வருவோம். ஆறு பேரும் ஒரே செட்டை, சிலிண்டர் முதல் நாஸில் வரை, தனித்தனியாகப் பூட்டிக் கழற்றிக் காட்டட்டும். அனுபவசாலிகளின் குறுக்குவழிகள் இங்கேதான் வெளியே வரும்.

ஆக்சிஜன்தான் உண்மையில் இரும்பை வெட்டுகிறது. சுடர் இரும்பைச் சூடாக்க மட்டும். சிவந்த இரும்பை எரித்து ஊதித் தள்ளுவது ஆக்சிஜன். இரும்பையே எரிக்கும் வாயு சட்டையை என்ன செய்யும் என்று கேளுங்கள். வெயில் காலத்தில் வேர்வை ஆற, ஆக்சிஜன் ஹோஸைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. துணி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஒரு பொறி பட்டால் அணைக்கவே முடியாது. துணித்தூசி தட்டவும், தரை கூட்டவும் ஆக்சிஜனை விடக்கூடாது. நிரம்பிய சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். அதன் வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய், கிரீஸ் கை பட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

எரிவாயு எது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அசிட்டிலின் என்றால் சிலிண்டர் எப்போதும் நின்றபடியே இருக்க வேண்டும், படுக்க வைத்தால் உள்ளே வாயுவைக் கரைத்து வைத்திருக்கும் அசிட்டோன் திரவம் வெளியே வரும். ரெகுலேட்டரில் 1 கிலோ அழுத்தத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் அசிட்டிலின் தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடும். செம்புக் குழாயால் இணைப்புப் போடக்கூடாது. எல்.பி.ஜி. என்றால் வேறு ஆபத்து: அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கேபிள் பள்ளத்திலும் சுரங்கத்திலும் போய்த் தேங்கும். உங்கள் மில்லில் பள்ளம், சுரங்கம் இரண்டுமே இருக்கும். சிலிண்டரைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வீட்டுச் சிலிண்டரை வைத்து வெட்டுவது சட்டப்படி தவறு. அசிட்டிலினுக்கு உள்ள நாஸிலை எல்.பி.ஜி.க்கு மாட்டுவதும் கூடாது.

ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ரெகுலேட்டரிலும் இருக்க வேண்டும். "அதைப் போட்டால் பிரஷர் குறையுது" என்று கழற்றி வைத்திருப்பார்கள். சுடர் ஹோஸ் வழியாகப் பின்னோக்கிச் சிலிண்டருக்குப் போவதைத் தடுப்பது அது ஒன்றுதான். பிரஷர் குறைந்தால் அரெஸ்டர் அடைத்திருக்கிறது என்று பொருள், மாற்றுங்கள். டார்ச்சில் பட்டென்ற சத்தத்தோடு சீறல் கேட்டால் முதலில் டார்ச்சின் ஆக்சிஜன் வால்வு, அடுத்து எரிவாயு வால்வு, பிறகு சிலிண்டர்கள். இதை வாயால் சொல்லிப் பயனில்லை. வாயு இல்லாத செட்டில், நீங்கள் கை தட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு மூட வேண்டும் என்று ஆளுக்கு இருபது முறை செய்ய வையுங்கள்.

கசிவுக்குச் சோப்புத் தண்ணீர், பற்றவைக்க ஸ்பார்க் லைட்டர். தீப்பெட்டியும் பீடி நெருப்பும் வேண்டாம். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். கெட்டியான பருத்தி உடை, தோல் கையுறை, 5-ஆம் எண் கருங்கண்ணாடி. பேன்ட்டை ஷூவுக்குள் சொருகினால் உருகிய கசடு நேராகக் காலுக்குள் இறங்கும், வெளியே விடச் சொல்லுங்கள். காங்கிரீட்டின் மேல் சுடர் நேராகப் பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் துண்டு துண்டாகத் தெறிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் கட்டிங் தொடங்கும் முன்பே நனைத்து, உடைக்காமல் இறக்கிவிடுங்கள்.

பழைய தூண்களில் ஈயம் கலந்த சிவப்புப் பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு. அதன்மேல் சுடர் பட்டால் வருவது ஈயப் புகை. வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் 4 அங்குலம் சுரண்டி எடுத்த பிறகு வெட்டட்டும். கைக்குட்டை எந்தப் புகையையும் தடுக்காது, அதற்கான முகக்கவசம் வேண்டும். சாப்பாட்டுக்கும் பீடிக்கும் முன் கை கழுவ வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குப் போனால் குழந்தைகளுக்குத்தான் ஈயம் போய்ச் சேரும். இதைச் சொன்னால் எந்த ஆளும் கேட்டுக்கொள்வார்.

'எது விழும்' என்ற கேள்விக்கு உங்கள் ஆட்கள் பதில் தேட வேண்டியதில்லை, பொறியாளர் தேடித்தர வேண்டும். 2016 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் டிட்காட் அனல்மின் நிலையத்தில், வெடிவைத்துத் தகர்ப்பதற்காகத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்த கொதிகலன் கட்டடம் திடீரென்று சரிந்து நாலு தொழிலாளர்கள் இறந்தார்கள். ட்ரஸ், அதன்மேல் கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின், தூண் எந்த வரிசையில் போகும் என்பது வரைபடத்தில் எண்ணிட்டு, இரும்பிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருக்க வேண்டும். வளைந்தோ இழுபட்டோ நிற்கும் இரும்பு கடைசி நூலளவு வெட்டில் விசிறி அடிக்கும். ஒரு பழைய ஆங்கிளை (எல் வடிவ இரும்பை) இரு முனையிலும் இறுக்கி வளைத்துப் பிடித்து, தூரத்திலிருந்து வெட்டிக் காட்டுங்கள். கிரேன் சங்கிலி பிடிக்கும் முன் கடைசி வெட்டு இல்லை. வெட்டும் துண்டின் மேல் யாரும் நிற்கக்கூடாது.

தேர்வை எழுத்தில் வைக்காதீர்கள். ஐந்தாம் நாள் நீங்களே ஒரு இடத்தைத் தப்பாகத் தயார் செய்யுங்கள்: சங்கிலி இல்லாத சிலிண்டர், கழற்றிய அரெஸ்டர், கம்பி சுற்றிய ஹோஸ் இணைப்பு, பள்ளத்து மூடி திறந்திருக்கட்டும், மூலையில் ஒரு சாக்குப் பஞ்சு, காலாவதியான தீயணைப்பான். வாயு திறக்காமல் பத்துத் தப்பு வையுங்கள். ஒருவர் ஒருவராக உள்ளே போய்க் கண்டுபிடிக்கட்டும். எட்டுக்குக் குறைந்தால் மறுநாள் மறுபடி. கட்டர் பிடிப்பவர், ஹெல்ப்பர், காவல் ஆள் எல்லோருக்கும் இந்தத் தேர்வு உண்டு. அன்றே ஒவ்வொருவரும் நிஜத் தீயணைப்பானால் சின்னத் தீ ஒன்றை அணைத்துப் பழகட்டும். தீப்புண்ணுக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம். இங்க், பேஸ்ட், நெய் எதுவும் தடவக்கூடாது.

மில் நிர்வாகம் கேட்கும் அத்தாட்சிக்கு, யாருக்கு எந்த நாளில் என்ன சொல்லித்தரப்பட்டது, தேர்வில் எத்தனை தப்பு கண்டுபிடித்தார் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். ஐ.எஸ். 818, ஐ.எஸ். 4130 என்ற இரண்டு இந்தியத் தரநிலைகள் முறையே வெல்டிங்-கட்டிங் பாதுகாப்பையும் கட்டடம் இடிப்பதையும் பற்றியவை. உங்கள் பாதுகாப்பு அலுவலர் அவற்றை வைத்துப் பாடத்தைச் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்க அனுமதிச் சீட்டு வேண்டும். எழுதுபவர் அந்த இடத்துக்குப் போய் நின்று எழுத வேண்டும், ஷிஃப்ட் முடிந்தால் சீட்டும் முடிந்தது.

கூலி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், முதல் சில வாரங்களுக்காவது நாள்கூலிக்கு மாற்றுங்கள். டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, பள்ளத்தை மூடும் பத்து நிமிடமும் பெயின்ட் சுரண்டும் கால் மணியும் சொந்தப் பணத்தில் போகின்றன. அவர் அதைத் தவிர்ப்பது இயல்பு. "இருபது வருஷமா வெட்டுறேன், எனக்கா?" என்று கேட்கும் மூத்தவர் ஒருவர் உங்கள் நாலு பேரில் நிச்சயம் இருப்பார். அவரை முதல் நாள் கட்டர் பிடிக்க விடாமல், முழுக் கூலியோடு தீக்காவலாக நிறுத்துங்கள். பொறி எங்கெல்லாம் போய் விழுகிறது என்பதை அன்று அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பார். மறுநாள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம்.