நியாசினமைடு, வைட்டமின் சி, கோஜிக் ஆசிட்: மங்குக்கு எது சரி? தனக்கா மட்டும் போதாதா?

கடைசியில் 'தனக்கா மட்டும் போதாதா' என்று ஒட்டவைத்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தெரியாதவர்களுக்கு: தனக்கா என்பது பர்மாவில் மரக்கட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற குழம்பு. நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் ரங்கூன்தான். நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் நிலைமை தெரிகிறது: பிள்ளை பெற்ற பிறகு இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு, பாதி தீர்ந்த மூன்று பாட்டில், ஆளுக்கொரு யோசனை சொல்லும் சொந்தக்காரர்கள். எனக்கும் அதே கதைதான்.

நான் டாக்டர் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். 'உனக்கென்ன தகுதி' என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், என் மூஞ்சிதான் தகுதி.

இரண்டாவது பையனுக்கு ஒரு வயது இருக்கும்போது என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள்தான் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். "அண்ணி, ரெண்டே வாரம். ஆல்பத்துல நீங்கதான் பொண்ணான்னு கேப்பாங்க பாருங்க." எல்லைப் பக்கமிருந்து வருகிற சரக்கு, கடைத்தெருவில் எல்லாரும் வாங்குகிறார்கள், பர்மாப் பணத்தில் 8000 சாட். முத்து மாதிரி மினுங்குகிற மஞ்சள் களிம்பு. பெட்டியில் மூன்று மொழியில் எழுத்து இருந்தது. என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் ஒரு மொழியிலும் இல்லை. பர்மியில் ஒரு வரி இருந்தது: தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும். நகை கறுத்துவிடக் கூடாதே என்று எவ்வளவு அக்கறை பார் என்று மெச்சிக்கொண்டு, தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிப்போட்டுக்கொண்டு பூசினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதம்.

இரண்டு வாரத்தில் வெளுத்தது உண்மை. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர். மூன்றாம் மாதம் தோசைக் கல் முன்னால் நின்றாலே கன்னம் காந்த ஆரம்பித்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் மாதிரி நரம்பு தெரிந்தது. பயந்து நிறுத்தினால் நிறுத்திய ஐந்தாம் நாள் முகம் முழுக்கச் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. மறுபடி பூசினால் அடங்குகிறது. நிறுத்தினால் கிளம்புகிறது.

தோல் டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்றார். தோலை மெலிய வைத்து, நரம்பை வெளியே காட்டி, நிறுத்தினால் பழிவாங்குகிற வேலை அதனுடையது. பிறகு பெட்டியைத் திருப்பி அந்த நகை வரியைப் படித்தார். என்னைப் பார்த்து, "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். பாதரசம் கலந்த களிம்புகளில்தான் இப்படி எழுதுவார்களாம், பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். துண்டு, தலையணை உறை, பூசிய கை வழியாகப் பிள்ளைக்கும் போகும். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அழகுசாதன விதிப்படி ஸ்டீராய்டைச் சேர்க்கவே கூடாது. பாதரசத்தையும் சேர்க்கக் கூடாது, தற்செயலாகக் கலந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பர்மாவும் ஆசியானில்தான் இருக்கிறது. விதி விதியாக இருக்க, டப்பா டப்பாவாக விற்கிறது.

அதில் உண்மையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சோதித்துப் பார்க்க வழியில்லை, எழுதியும் வைக்கவில்லை. அதனால்தான் 'எது சரி' என்று மூன்று பெயரை எழுதிக் கேட்கிற உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. பெயராவது தெரிகிறதே!

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தோலின் அடியில் மெலனின் என்கிற கறுப்பு மாவை அரைக்கிற ஒரு மில் இருக்கிறது என்று வையுங்கள். மிஷினின் பெயர் டைரோசினேஸ். கோஜிக் ஆசிட், அர்பூட்டின், ஹைட்ரோகுயினோன் மூன்றும் அந்த மிஷினை நிறுத்தப் பார்க்கிறவை. நியாசினமைடு மிஷினைத் தொடாது. அரைத்த மாவைத் தூக்கிக்கொண்டு மேல்தோல் செல்லுக்குப் போகிறவனை வழிமறிக்கும். அதனால் 'இதுவா அதுவா' என்ற சண்டையே இல்லை, கோஜிக்கும் நியாசினமைடும் ஒரே பாட்டிலில் இருந்தால்கூட வெவ்வேறு வேலைதான் செய்யும். நியாசினமைடு 4, 5 சதவீதம் போதும். 10, 20 என்று போட்டு விற்பது பெரும்பாலும் எண்ணைக் காட்டி மயக்குகிற வேலை, சிலருக்கு எரிச்சல்தான் மிச்சம். கோஜிக், சோறு புளிக்க வைக்கிற ஒரு பூஞ்சையிலிருந்து கிடைப்பது. 1 சதவீதத்துக்கு மேல் போனால் என் போன்ற தோலுக்கு அரிக்கும்.

வைட்டமின் சி நல்ல சரக்கு, ஆனால் சரியான நோஞ்சான். எல்-அஸ்கார்பிக் ஆசிட் வகையானால் பிஹெச் 3.5-க்குக் கீழே புளிப்பாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். வெயிலும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும். ஏப்ரல் மாதம் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில் எங்கள் மாடி வீட்டில் கரண்ட் இல்லாமல் வெக்கையில் கிடந்த பாட்டில் மூன்று வாரத்தில் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிட்டது. அந்த நிறம் வந்தால் கொட்டிவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

ஹைட்ரோகுயினோனை வில்லனாக்க வரவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்து, கணக்காகச் சில மாதம் போட்டால் மங்குக்கு அதுவும் மருந்துதான். கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் பூசினால் நீலக்கறுப்பாக ஒரு கறை படியும், அது லேசில் போகாது. ஆசியானில் அதைச் சாதாரண முகக் க்ரீமில் போடத் தடை இருப்பது அதனால்தான்.

இப்போது தனக்கா. என் அம்மாச்சியின் வட்டக் கல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பர்மியில் சௌப்பியின் என்போம், ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் இருக்கும். தண்ணீர் தெளித்துக் கட்டையைப் பட்டையோடு சுழற்றித் தேய்த்தால் சந்தனம் மாதிரி குழம்பு வரும், வாசனை மட்டும் சந்தனத்தைவிட லேசு. ஷ்வேபோ ஊர்க் கட்டை உசத்தி என்பார் அம்மாச்சி, தெயிஞ்சி மார்க்கெட்டில் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். பக்கத்திலேயே காளியம்மன் கோயில், கையில் தனக்கா கட்டை, தேங்காய்ப் பை, அவருக்கு இரண்டும் பூஜைச் சாமான்தான். தப்பும் இல்லை, தனக்கா மரம் நம்மூர்ச் சிவன் கோயிலில் மகாவில்வம் என்று நிற்கிற அதே மரம்.

பட்டையில் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிற மார்மெசின் என்ற பொருளும் கொஞ்சம் அர்பூட்டினும் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் அது சன்ஸ்கிரீன் வேலையை முழுதாகச் செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ந்ததும் விரிசல் விடும், வியர்வையில் கோடு கோடாக இறங்கும், கன்னத்தில் இலை போல வரைந்துகொண்டால் இலைக்கு வெளியே வெயில் அடிக்கத்தானே செய்யும்? டாக்டரம்மா என்னைப் பூச வேண்டாம் என்று சொல்லவில்லை, சன்ஸ்கிரீனுக்கு மேலே பூசிக்கொள் என்றார். தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்கச் சொன்னார், அந்த நிறத்தைக் கொடுக்கிற இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும். மங்குக்கு அந்த வெளிச்சமும் எதிரி.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 'பர்மியப் பெண்களின் ரகசியம்' என்று தமிழ்நாட்டுக்காரர்கள் போடுகிற வீடியோவில் மஞ்சள் பொடியைக் கொட்டிப் பாலில் குழைத்துக் காட்டுகிறார்கள். ரகசியம் என்ன ரகசியம், இங்கே டாக்சி ஓட்டுகிறவர்கூடப் பூசியிருப்பார். அதைச் சொன்னால் உடனே அடுத்த கேள்வி, "பர்மாவுல இன்னும் தமிழ் பேசுறீங்களா?" 1964-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் கதைதான் எல்லாருக்கும் தெரியும், கப்பலேறாமல் நின்றவர்களைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. கோயில் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அ, ஆ எழுதிப் படித்த தமிழ் இது. 'உங்க தமிழ் நல்லா இருக்கே' என்று யாரும் பாராட்டாதீர்கள், எரிச்சல் வரும். விடுங்கள், கேள்விக்குச் சம்பந்தமில்லை.

என் முகம் அடங்க ஒன்பது மாதம் ஆனது. இப்போது காலையில் சன்ஸ்கிரீன், இரவில் நியாசினமைடு, அவ்வளவுதான். இடது கன்னத்து மங்கு வெளிறியிருக்கிறது, போகவில்லை. நாத்தனாரிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் அதையேதான் பூசினாள், பாவம்.

பெட்டியில் பொருட்களின் பட்டியல் அதிகம் இருப்பதிலிருந்து குறைவு என்ற வரிசையில் இருக்கும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரலாம். பினாக்ஸி எத்தனால் என்ற பதனப்பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் நியாசினமைடு அதற்குப் பின்னால் எழுதியிருந்தால் சிட்டிகைதான் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் மூன்று பாட்டிலின் பின்பக்கத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வெளிச்சத்தில் வைத்து எடுங்கள், பொடி எழுத்து இப்போதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை.