வாசகர் கேள்வி – பதில்: சுராபாயாவின் மேயர் ரிஸ்மா

கேள்வி: இந்தோனேசியாவின் சுராபாயா நகரை ரிஸ்மா என்ற பெண் மேயர் அடியோடு மாற்றியதாகப் படித்தேன். அவர் எப்படி அரசியலுக்கு வந்தார்?

பதில்: அவர் மாநகராட்சி அதிகாரியாக இருந்து மேயரானவர். 1961-இல் கிழக்கு ஜாவாவின் கெடிரியில் பிறந்த த்ரி ரிஸ்மஹாரினி, சுராபாயாவில் கட்டடக்கலை பயின்று, அந்நகர நிர்வாகத்திலேயே பணியில் சேர்ந்தார். தூய்மை, பூங்காத் துறைக்கும் பின்னர் திட்டத் துறைக்கும் தலைமை வகித்த ஆண்டுகளில்தான் மக்கள் அவரை அறிந்துகொண்டார்கள். சாலை நடுவே இருந்த பெட்ரோல் நிலையங்கள் சில அகற்றப்பட்டு அங்கே செடிகள் நடப்பட்டன; புங்குல் பூங்கா குடும்பத்தோடு மாலைப் பொழுதைக் கழிக்கும் இடமாயிற்று. அந்தப் பூங்கா 2013-இல் ஆசிய அளவிலான நகர அழகு விருதையும் பெற்றது.

2010-இல் இந்தோனேசிய ஜனநாயகப் போராட்டக் கட்சி அவரை மேயர் வேட்பாளராக நிறுத்தியது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் மேயராக இருக்க முடியாது என்பதால், அதுவரை மேயராக இருந்த பம்பாங் அவருடன் துணை மேயராகப் போட்டியிட்டார். நேற்றுவரை மேலதிகாரியாக இருந்தவர் துணையாகவும், கீழே பணிபுரிந்தவர் தலைமையிலும் அமர்ந்த அந்த ஏற்பாடு, பழைய மேலதிகாரி சொன்னபடி ரிஸ்மா கேட்பார் என்று பலரையும் நினைக்க வைத்திருக்க வேண்டும். அவர் அப்படிக் கேட்கவில்லை.

கேள்வி: சொந்தக் கட்சியினரே அவரைப் பதவி நீக்க முயன்றார்களாமே?

பதில்: உண்மைதான். பதவியேற்றுச் சில மாதங்களிலேயே பெரிய விளம்பரப் பலகைகளுக்கான வரியை அவர் உயர்த்தினார். நகரைப் பலகைகள் மூடிவிடக் கூடாது என்பது அவர் வாதம். உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று குற்றம் சாட்டிய நகர மன்றம், 2011 ஜனவரியில் அவரை நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அவரை நிறுத்திய கட்சியின் உறுப்பினர்களும் அதை ஆதரித்தார்கள். உள்துறை அமைச்சர் ஏற்காததால் ரிஸ்மா பதவியில் நீடித்தார். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதே அவருக்குக் காப்பாக இருந்தது என்று கருதுகிறேன். 2015 டிசம்பரில் அதே கட்சியின் வேட்பாளராக 80 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளுடன் மீண்டும் வென்றார்.

கேள்வி: டோலி என்ற பகுதியை அவர் மூடியது சரியான முடிவா?

பதில்: தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய பாலியல் தொழில் பகுதிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்ட டோலி, 2014 ஜூன் 18 அன்று மூடப்பட்டது. பாலியல் தொழிலுக்குள் சிறுமிகள் இழுக்கப்படுவதையும், அந்தத் தெருக்களிலேயே குழந்தைகள் வளர்வதையும் ரிஸ்மா காரணமாகக் கூறினார். பம்பாங்குக்குப் பின் துணை மேயராக வந்தவரே வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்த்தவர்களின் பேச்சிலும் நியாயம் இருந்தது: துணி துவைப்போர், வண்டி நிறுத்தக் காவலர்கள், சிறு உணவுக் கடைக்காரர்கள் எனப் பலரின் பிழைப்பு அந்தத் தெருவை நம்பியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவருக்கும் சுமார் 50 லட்சம் ரூப்பியா (இந்தோனேசிய நாணயம்; மதிப்பில் இந்திய ரூபாயைவிட மிகக் குறைந்தது) உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. புதிதாக ஒரு வாழ்க்கையைத் தொடங்க அது மிகக் குறைவு.

ஆயினும் மூடிய கையோடு மாநகராட்சி ஒதுங்கிவிடவில்லை. அங்கிருந்த பல மாடி விடுதி ஒன்றை விலைக்கு வாங்கிக் காலணி தயாரிக்கும் கூடமாக மாற்றியது. அப்பகுதிக் குடும்பத்தினர் அங்கே தோலை வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆகவே மூடியது சரி என்றே சொல்வேன். ஆனால் வேறு ஊர்களுக்குச் சென்றுவிட்ட பெண்களுக்கு அந்தக் கூடத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்துப் பேருந்தில் பயணம் செய்யலாம் என்பது மெய்யா?

பதில்: மெய்தான். 2018-இல் தொடங்கிய சுரோபோயோ பேருந்தில், பெரிய பாட்டில்கள் மூன்று, நடுத்தரப் பாட்டில்கள் ஐந்து அல்லது பிளாஸ்டிக் கோப்பைகள் பத்து, இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் பயணச்சீட்டு கிடைத்தது. தொடக்கத்தில் பணமே வாங்கவில்லை.

கேள்வி: அத்தனை புகழ் பெற்றவர் ஆளுநர் தேர்தலில் ஏன் தோற்றார்?

பதில்: 2020 டிசம்பரில் அவர் சமூக நல அமைச்சரானார். 2024-இல் அப்பதவியை விட்டு விலகிக் கிழக்கு ஜாவா ஆளுநர் தேர்தலில் நின்றார். அதற்கு முன் ஆளுநராக இருந்த கோஃபிஃபா இந்தார் பரவன்சா பெரும் வித்தியாசத்தில் வென்றார். கோஃபிஃபா, நஹ்ததுல் உலமா என்ற மாபெரும் இஸ்லாமிய அமைப்பின் மகளிர் பிரிவை நெடுங்காலம் வழிநடத்தியவர். கிராமங்கள் தோறும் அவருக்கு ஆட்கள் உண்டு, பல கட்சிகளும் அவர் பின்னே நின்றன. விடியற்காலையில் சாலையில் இறங்கி, அடைபட்ட வடிகாலைத் தானே முன்நின்று சரிசெய்ய வைக்கும் மேயரை ஒரு நகரத்தவர் கண்ணாரக் காண முடியும். முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களும் நகரங்களும் கொண்ட மாகாணத்தின் வாக்காளர்களில் பெரும்பாலோர் ரிஸ்மாவைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.