கல்விக் கட்டணம் போக இன்னும் எவ்வளவு?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு கவுன்சலிங்கில் மதுரைக்குக் கிழக்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு 55,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 2,20,000 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். காலேஜ் பஸ்ஸுக்கு வருடம் 32,000, ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து 90,000 என்கிறார்கள். எது கட்டுப்படியாகும்?
– விவசாயி ஒருவர், உசிலம்பட்டி அருகில்

பதில்: 2,20,000-ஐ மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டிலிருந்து போய்வந்தால் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஹாஸ்டல் என்றால் மூன்று மடங்கைத் தாண்டும்.

கவுன்சலிங் இடத்துக்கான கல்விக் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. பஸ், ஹாஸ்டல் கட்டணங்கள் கல்லூரி வைப்பதுதான். டீசல், அரிசி, சிலிண்டர் விலை ஏறினால் அவையும் ஏறும். வருடத்துக்கு 8 சதவீதம் ஏற்றம் என்று வைத்துப் பார்ப்போம். பஸ் கட்டணம் 32,000, 34,560, 37,325, 40,311 என்று போய் நான்கு வருடத்தில் 1,44,000 ஆகிவிடும். மதியச் சோறு கட்டிக்கொடுத்தாலும் டீ, வடை, ஜெராக்ஸ் என்று கையில் நாளுக்கு 60 ரூபாய் வேண்டும். 180 நாளுக்கு 10,800. நான்கு வருடத்துக்கு 43,200. கல்விக் கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் 4,07,000.

ஹாஸ்டல் 90,000-ம் அதே விகிதத்தில் ஏறினால் நான்கு வருடத்தில் 4,05,000. சோப்பு, சலவை, ரீசார்ஜ், ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 1,500 வீதம் வருடத்துக்குப் பத்து மாதம் போட்டால் 60,000. கல்விக் கட்டணத்தோடு மொத்தம் 6,85,000. பையன் ஹாஸ்டலில் இருக்கும்போது வீட்டில் அவன் சாப்பாட்டுச் செலவு மிச்சமாகும். அதை மாதம் 2,000 என்று கழித்தாலும், இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும்.

இதற்கு மேல் இருப்பவைதான் சேரும் நாளில் திக்குமுக்காட வைப்பவை. கல்லூரி அலுவலகத்தில் கட்டண விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு தடவையா, வருடா வருடமா, செமஸ்டருக்கு ஒரு முறையா; திரும்பக் கிடைக்குமா; எந்த மாதம் கட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை படிப்பு முடிந்ததும் திரும்ப வர வேண்டிய பணம் என்பதால் அதன் ரசீதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சீருடை, ஒர்க்‌ஷாப் உடை, ஷூ, சயின்டிஃபிக் கால்குலேட்டர், வரைபடத் தாளுக்கு டிராஃப்டர் எல்லாம் முதல் செமஸ்டரிலேயே வந்துவிடும். டிராஃப்டரும் கால்குலேட்டரும் மேல் வகுப்பு மாணவர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். புதிதாக வாங்க அவசியமில்லை. லேப்டாப்பைச் சேர்ந்தவுடனே வாங்கித் தராதீர்கள். அந்தத் துறைக்கு எந்த அளவு லேப்டாப் வேண்டும் என்று ஆசிரியர்களிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.

தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு தாளுக்கும் தனி, எட்டு செமஸ்டரும் உண்டு. அரியர் விழுந்தால் அந்தத் தாளுக்கு மறுபடி கட்ட வேண்டும். மூன்றாம், நான்காம் வருடத்தில் ஐ.வி. எனும் தொழிற்சாலைச் சுற்றுலா, புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் வரும். இன்டர்ன்ஷிப் சென்னையிலோ கோவையிலோ கிடைத்தால் இரண்டு மாத வாடகையும் சாப்பாடும் உங்கள் கையிலிருந்துதான். அதற்கென்று இப்போதே 25,000 ஒதுக்குங்கள்.

விவசாயக் குடும்பம் என்பதால் மாதக் கணக்கும் முக்கியம். நெல் பணம் தையில் வரும். கல்லூரி பெரிய தொகையை ஆடி, ஆவணியில் கேட்கும். அந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்கு வாங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். தையில் வரும் பணத்தில் அடுத்த ஆடிக்கு வேண்டியதை வங்கியில் குறுகிய கால வைப்பாகப் போட்டு, முதிர்வுத் தேதி ஜூலையில் வருமாறு வையுங்கள்.

எங்கள் கருத்து: முதல் வருடம் காலேஜ் பஸ்ஸில் போகட்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கே சுமார் 40 கி.மீ.; கிழக்குப் பக்கம் என்றால் நகரைத் தாண்டிப் போக வேண்டும். பஸ் வீட்டுப் பக்கம் எத்தனை மணிக்கு வரும், மாலையில் எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று அந்தத் தடத்தில் போகும் மாணவரிடமே கேளுங்கள். ஒரு பக்கப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் படிப்பு கெடும். அரியர் சேர்ந்தால் மிச்சம் பிடித்த இரண்டு லட்சத்துக்கும் அர்த்தம் இருக்காது. அப்போது ஹாஸ்டலே சரி.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்த மகள் தல்லாகுளம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் சேர்கிறாள். பஸ்தான் இலவசமாயிற்றே, புதுமைப் பெண் பணமும் வருமே, வேறென்ன செலவு இருக்கப்போகிறது?
– வாசகி, மேலூர்

பதில்: பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். காலையில் எந்த நேரத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது, மாட்டுத்தாவணியில் இறங்கி மாறி ஏறினால் முதல் வகுப்புக்குப் போய்ச்சேர முடியுமா என்று சேரும் முன்பே ஒரு நாள் போய்ப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது டிக்கெட் பஸ்ஸில் போக நேரும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கு அதே தொகையைத் தருகிறது. ஆனால் கல்லூரியில் சேர்ந்து, விண்ணப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே பணம் வரத் தொடங்கும். சேர்க்கை நாளுக்கு அதை நம்ப வேண்டாம். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள்; பணம் தடைபட அதுவே போதும்.

கேள்வி: கல்விக் கடனில் ஹாஸ்டல், லேப்டாப் எல்லாம் வருமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வரும். ஹாஸ்டல், தேர்வு, புத்தகம், சீருடை, கருவிகள், லேப்டாப், முன்வைப்புத் தொகை எல்லாவற்றுக்கும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வங்கி பார்ப்பது இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழையும் வருடவாரிச் செலவு மதிப்பீட்டையும்தான். அதில் கல்விக் கட்டணம் மட்டும் இருந்தால் கடனும் அதற்கு மட்டும்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் வருடம் குறைவாக வாங்கிவிட்டு, இரண்டாம் வருடம் ஹாஸ்டலுக்குக் கூட்டிக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அதனால் நான்கு வருடத்துக்கும் எல்லா இனத்தையும் எழுதி முத்திரையோடு வாங்குங்கள்.

4 லட்சம் வரை உங்கள் பங்குத் தொகை எதுவும் கட்ட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. கடன் பெரும்பாலும் கல்லூரிக் கணக்குக்கு நேராகப் போகும்; தினசரிக் கைச்செலவுக்கு உதவாது. படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அந்தக் காலத்துக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கேள்வி: தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள். சரியா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறார் என்றால் தங்குமிடத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2024 ஜூலையிலிருந்து இதுதான் நிலை.

மெஸ் எப்படி என்பதையும் கேளுங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையா, டிவைடிங் முறையா? டிவைடிங் என்றால் மாத மொத்தச் செலவைச் சாப்பிட்ட ஆட்களின் நாள் கணக்கில் பிரிப்பார்கள். ஊருக்குப் போகும் நாளுக்கு முன்கூட்டி எழுதிக்கொடுத்தால் அந்த நாள்களுக்குக் கழிப்பார்கள். எழுதிக்கொடுக்காவிட்டால் கழிக்க மாட்டார்கள். பொங்கல், தீபாவளி மாதங்களில் தலை எண்ணிக்கை குறைந்து தினசரித் தொகை ஏறும். வாடகையும் சமையல் ஆள் சம்பளமும் விடுமுறையிலும் ஓடும்.

மகள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வந்தால் அத்துறையின் அரசு விடுதியைப் பாருங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குத் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது.

கேள்வி: கலைக் கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம். இப்போது வேறு இடம் கிடைத்திருக்கிறது. கட்டிய பணம் திரும்ப வருமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: தேதியைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுத் தொகை. அலுவலகச் செலவாக 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம். அந்தத் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதன்பின் எதுவும் இல்லை. முன்வைப்புத் தொகையை எப்போது விலகினாலும் முழுமையாகத் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை இன்றே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.