வாசகர் கேள்வி – பதில்: தக்காளி கூழாகிறது, விந்தணு நீந்துகிறது

உறையவைத்தல் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: விலை வீழ்ந்த நாளில் வாங்கிய ஐந்து கிலோ தக்காளியை வீணாக்க மனமில்லாமல் ஃப்ரீசரில் வைத்தேன். எடுத்துக் கரையவிட்டதும் தட்டில் தோலும் தண்ணீருமாகத்தான் கிடந்தது. எங்கள் பசுவுக்குச் சினை ஊசி போட வரும் கால்நடை மருத்துவரோ, அதைவிடப் பன்மடங்கு குளிர்ந்த கலனில் ஆண்டுக்கணக்கில் இருந்த விந்தணு உயிரோடு இருக்கிறது என்கிறார். இது எப்படி?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தக்காளியின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். வீட்டு ஃப்ரீசரில் அது மெதுவாகக் குளிர்கிறது. பனிப்படிகம் முதலில் செல்களுக்கு வெளியே, அவற்றின் இடுக்குகளில்தான் தோன்றும். படிகத்துக்குள் சுத்தமான தண்ணீர் மட்டுமே சேரும். உப்புக்கும் சர்க்கரைக்கும் அங்கே இடமில்லை. ஆகவே எஞ்சிய நீர்மம் மேலும் மேலும் உப்புக் கரித்து, ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதைப் போல, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. சுருங்கிய செல்லின் சவ்வு மடிகிறது, புரதங்கள் உருக்குலைகின்றன. இதற்கிடையே வெளியே வளரும் படிகங்கள் செல்சுவர்களைக் கிழிக்கின்றன. கரையும்போது தண்ணீரைப் பிடித்து வைக்கச் சுவரும் இல்லை, சவ்வும் இல்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால் செல் வெடிக்கிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது கதையின் ஒரு சிறு பகுதிதான்.

அப்படியானால் மிக வேகமாகக் குளிர்வித்தால் போதாதா என்று கேட்கலாம். வேகம் கூடினால் தண்ணீர் வெளியேற நேரமிருக்காது. பனி செல்லுக்குள்ளேயே உருவாகும், அது பெரும்பாலும் செல்லைக் கொன்றுவிடும். மெதுவாகப் போனால் உப்பும் வறட்சியும், வேகமாகப் போனால் உட்பனி என்ற இந்த இரட்டை ஆபத்தை 1972-இல் அமெரிக்காவின் பீட்டர் மசூரும் அவருடன் ஆய்ந்தவர்களும் தெளிவாக வகுத்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் உரிய ஒரு வேகம் இருக்கிறது. செல் எவ்வளவு பெரியது, அதன் சவ்வு தண்ணீரை எவ்வளவு எளிதில் விடுகிறது என்பவை அதை முடிவு செய்கின்றன.

அந்த நடுவழியை அகலமாக்குவது கிளிசரால், அதாவது கிளிசரின். அது கிடைத்த விதம் வேடிக்கையானது. லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுவைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். குளிர்ப்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பழைய புட்டி ஒன்றை எடுத்துப் பயன்படுத்திய நாளில் அணுக்கள் பிழைத்துவிட்டன. எஞ்சியிருந்த சில சொட்டுகளைச் சோதித்தபோது அதில் சர்க்கரையே இல்லை. கண்ணாடித் தகடுகளில் திசுச் சீவல்களை ஒட்டவைக்க உதவும், கிளிசராலும் முட்டைவெண்கருப் புரதமும் கலந்த திரவம் அது. சீட்டு மாறிப்போயிருந்தது. 1949-இல் வெளியான அக்கண்டுபிடிப்பே இத்துறையின் தொடக்கம். கிளிசரால் சவ்வினூடே செல்லுக்குள் புகுந்து, பனியாக மாறும் தண்ணீரின் அளவைக் குறைக்கிறது. அதனால் உப்பின் செறிவும் எல்லை மீறாமல் நிற்கிறது.

உங்கள் மருத்துவர் கொண்டுவரும் குச்சியில், அதாவது கால் மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில், இருப்பது முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் கலந்த கரைசலில் மிதக்கும் சுமார் 2 கோடி விந்தணுக்கள். எல்லாம் பிழைப்பதில்லை, கரைத்த பின் பாதியாவது நீந்த வேண்டும் என்பதே தர அளவு. கலனில் இருக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. அந்தக் குளிரில் எந்த வேதிவினையும் நடக்காததால், குச்சியைப் பொறுத்தவரை நேற்றும் பத்தாண்டும் ஒன்றே. ஆபத்து, எடுக்கும் கையில் இருக்கிறது. குச்சியைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி, அதில் அச்சிட்ட காளையின் எண்ணை நின்று நிதானமாகப் படித்தால், அந்தச் சில நொடிகளில் அது சூடேறி, சிறு படிகங்கள் ஒன்றுகூடிப் பெரிய படிகங்களாகிவிடும். மீண்டும் உள்ளே போட்டாலும் நேர்ந்த சேதம் நேர்ந்ததுதான். வெளியே எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி விரைவாகக் கரைப்பதும் இதனால்தான். அதைச் சட்டைப்பைச் சூட்டில் கரைப்பவரைக் கண்டால் நீங்கள் தாராளமாகக் கோபிக்கலாம்.

தக்காளியை, இனி உறையவைப்பதானால், ரசத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ருசி போகாது.

கேள்வி: விந்தணுவைப் போல் ரத்தத்தையும் உறையவைத்துச் சேமித்தால் தட்டுப்பாடே இருக்காதே? ரத்த வங்கியில் ஏன் வெறும் குளிர்சாதனப் பெட்டி?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தயிர் உறைவதற்கும், காயத்தில் ரத்தம் உறைவதற்கும், தண்ணீர் பனியாவதற்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், நீங்கள் கேட்பது மூன்றாவதை. கிளிசரால் போன்ற காப்புப்பொருள் இல்லாமல் ரத்தத்தைச் சாதாரண ஃப்ரீசரில் வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, கரைத்ததும் செந்நீராகிவிடும். அதை ஏற்றினால் நோயாளிக்குப் பேராபத்து. ஆகவே சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி வரையிலான குளிரில், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாட்கள் வைக்கிறார்கள். தட்டணுக்களுக்குக் குளிர்பெட்டியே ஆகாது. அவை அறை வெப்பத்தில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். செல் இல்லாத பிளாஸ்மாவை மட்டும் தயங்காமல் உறையவைக்கலாம். கிளிசரால் சேர்த்துச் சிவப்பணுவையும் பத்தாண்டு காக்க முடியும் என்றாலும், ஏற்றுவதற்கு முன் அந்தக் கிளிசராலைப் படிப்படியாகக் கழுவி எடுக்கும் வேலையும் செலவும் பெரிது. பம்பாய் வகை போன்ற அரிய ரத்தத்துக்கே அது கட்டுப்படியாகும்.

கேள்வி: என் தங்கைக்குச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை நடக்கிறது. மீதமுள்ள கருக்களை உறையவைக்கலாம் என்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு அதனால் குறை வராதா? எத்தனை ஆண்டு வைக்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இந்த அச்சம் இயல்பானது. ஆனால் உறைகருவிலிருந்து பிறந்தவர்கள் இன்று உலகெங்கும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள் என்பதை உங்கள் தங்கைக்கு முதலில் சொல்லுங்கள். இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயா என்ற மருத்துவர் கருவை 53 நாட்கள் உறையவைத்துப் பின் தாயின் கருப்பையில் வைத்ததாகவும், 1978 அக்டோபர் 3-இல் பெண் குழந்தை பிறந்ததாகவும் அறிவித்தார். அரசு அமைத்த குழு அதை நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய குறிப்பேடுகளைப் பின்னாளில் படித்துப் பார்த்தவர்களாலேயே அவருக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் உறைகருவிலிருந்து குழந்தை பிறந்தது 1984-இல்தான்.

அன்றைய முறை மெதுவாகக் குளிர்விப்பது. இன்று பெரும்பாலான மையங்கள் செய்வது வேறு: காப்புப்பொருளை மிகுந்த செறிவில் ஊட்டி, நுண்ணிய பட்டையின் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு துளியில் கருவை வைத்து, அப்படியே திரவ நைட்ரஜனில் அமிழ்த்திவிடுகிறார்கள். படிகம் உருவாக நேரமே கிடைக்காமல் துளி முழுவதும் கண்ணாடியைப் போல் இறுகிவிடுகிறது. பாகு பதம் தவறினால் சர்க்கரை பூத்துக்கொள்ளும், பதம் வாய்த்தால் பளிங்காக நிற்கும் அல்லவா, அதே வேறுபாடுதான். எலிக் கருவில் இதை ரால், ஃபாஹி என்ற ஆய்வாளர்கள் 1985-இல் செய்து காட்டினார்கள். மனித உடலின் மிகப் பெரிய செல்களில் ஒன்றான, தண்ணீர் நிறைந்த கருமுட்டைக்கு இம்முறை வந்த பிறகே நம்பகமான வழி பிறந்தது.

எத்தனை ஆண்டு என்பதற்கு இயற்கை எல்லை வைக்கவில்லை. 1992-இல் உறையவைத்த கருக்களிலிருந்து 2022-இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமோ பத்தாண்டு என்று வரையறுக்கிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: முட்டை எடுத்த நாளில் தாயின் வயது என்னவோ அதுவே முட்டையின் வயது; உறைகுளிர் அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. கரைக்கும்போது சில கருக்கள் பிழைக்காமல் போகலாம். பிழைத்தவை அனைத்தும் கருப்பையில் ஒட்டும் என்ற உறுதியும் இல்லை.

கேள்வி: பனியில் கல்லாக உறைந்து மீண்டும் உயிர்பெறும் தவளை உண்டு என்று படித்தேன். அது உண்மையா? அப்படியென்றால் மனிதரையும் உறையவைத்து எழுப்பலாமே?
– பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: உண்மைதான். அலாஸ்கா, கனடாக் காடுகளில் சருகுக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் அந்தத் தவளையின் தோலில் முதல் பனித்துகள் பட்டதும், கல்லீரல் தான் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுப்பொருளை அவசரமாகச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் கொட்டுகிறது. மனிதருக்கு மரணம் விளைவிக்கும் அளவையும் அது தாண்டும். செல்களுக்குள் சர்க்கரைப் பாகு. பனி தோலுக்கடியிலும் வயிற்றறையிலும் மட்டும். உடல்நீரில் சுமார் 65 சதவீதம் வரை பனியாகி, மூச்சும் நின்று, இதயமும் நின்று, தரையில் போட்டால் கல்லைப்போல் ஒலிக்கும். அலாஸ்காவில் ஏழு மாதம் வரை, மைனஸ் 18 டிகிரி வரை தாங்கியதை அளந்திருக்கிறார்கள். கரையும்போது முதலில் துடிப்பது இதயம். மசூர் சொன்ன மெதுவான குளிர்ச்சியின் பாதையையே அது தன் உடம்பால் கண்டுகொண்டிருக்கிறது.

மனிதருக்கு வருவோம். முன்பு சொன்ன ஆட்ரி ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் 1950-களில் வெள்ளெலிகளைச் சுழியத்துக்குச் சற்றுக் கீழே, உடல்நீரில் பாதி உறையும் வரை குளிர்வித்து, ஒரு மணி நேரத்துக்குள் மீட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே, நீண்ட காலம் தாங்கும் குளிருக்குப் போய்த் திரும்பிய பாலூட்டி எதுவுமில்லை. காரணம் உடலின் பருமன். கருவை வைத்த துளி நொடியில் குளிரும். உறுப்பின் புறமும் நடுவும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை, காப்புப்பொருளும் எங்கும் ஒரே அளவில் ஊறுவதில்லை. ஊறினால் அதுவே நஞ்சாகலாம்; கண்ணாடியாக இறுகினால் விரிசல் விடலாம்; சூடேற்றும்போது ஓரம் கரைந்து நடுவில் படிகம் பூக்கலாம். 2023-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை எலியின் சிறுநீரகத்துக்குள் செலுத்தி, 100 நாள் வரை உறைகுளிரில் வைத்து, பிறகு மாறும் காந்தப்புலத்தால் அத்துகள்களைச் சூடாக்கி, உள்ளும் புறமும் ஒருசேரக் கரைத்து, வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அந்தச் சிறுநீரகத்தை மட்டுமே நம்பி எலிகள் 30 நாள் வாழ்ந்தன. நான் கண்டவற்றுள் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். ஆனால் எலியின் சிறுநீரகம் ஒன்றிரண்டு கிராம், மனிதனுடையது 150 கிராம் அளவில் இருக்கும்.

1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற அமெரிக்கப் பேராசிரியரின் உடல், இறந்த பின் உறையவைக்கப்பட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. அவருக்குப் பின் நூற்றுக்கணக்கானோர் பணம் கட்டி அதே வழியில் சென்றிருக்கிறார்கள். எவரும் எழுந்ததில்லை. மனிதச் சிறுநீரகம் ஒன்றையே இன்னும் முழுமையாக மீட்க முடியாத நிலையில், இறந்த பின் சேதமடைந்த மூளையை மீட்பதாகச் சொல்வதை அறிவியல் என்று அழைக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒருவருக்கு இயந்திரத்தில் விரல் துண்டாகிவிட்டது. ஐஸ் கட்டிக்குள் புதைத்து எடுத்துச் சென்றோம், மருத்துவர் கடிந்துகொண்டார். ஏன்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஐஸைத் தொட்ட இடத்தில் திசு உறைந்துவிடும், தக்காளிக்கு நேர்ந்தது விரலின் ரத்தக்குழாய்க்கும் நேரும், பிறகு தைத்தாலும் ரத்தம் ஓடாது. துண்டான விரலைச் சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. விரலை நேரடியாகத் தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. துண்டானது முழங்கை அளவு தசையுள்ள உறுப்பென்றால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் இருக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால், குளிரில் முறையாக வைத்தால் இன்னும் சற்று அவகாசம் கிடைக்கும்; அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.